மிஸஸ் லாங்ஸ்டாஃப் வீட்டு ஜன்னல் கொம்பு

நெவில் சவர்பியைப் பிறவிக் கோழை என்று எவராவது சொன்னால், அது அவருடைய உழைப்பை அவமதிப்பதாகும். பயம் அவருக்குச் சும்மா வந்து வாய்க்கவில்லை. ஓய்வு பெறும் வரை ஒரே நாற்காலியில் உட்கார்ந்து பாடுபட்டுச் சேர்த்தது. லீட்ஸ் பக்கத்தில் எச்சரிக்கைச் சீட்டுகள் அச்சடிக்கும் சின்ன ஆலை ஒன்றில் அவருக்கு வேலை. ஒரு சாமான் எந்தெந்த விதத்தில் மனிதனைக் கொல்லக்கூடும் என்று யோசித்து, அதை நாலு வார்த்தையில் எழுதிக் கொடுக்க வேண்டும். கெட்டில், புல்வெட்டும் எந்திரம், கழிவறை கழுவும் திரவம், குழந்தைகள் ஊதும் பலூன் என்று எதையும் அவர் விட்டுவைத்ததில்லை. நாட்டில் பலூன் தொண்டையில் சிக்கிச் சாகாமல் பிழைத்திருக்கும் குழந்தைகளில் பாதிப் பேராவது அவருக்குக் கடன்பட்டவர்கள் என்பது அவருடைய அடக்கமான கணக்கு.

மனைவி மேவிஸ் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். ஜனவரிக் கடலில் இறங்கிக் குளித்துவிட்டு, ஈரத்தலையோடு சிப்ஸ் தின்றுகொண்டே வீட்டுக்கு வருவாள். இருவருக்கும் சேர்த்துப் பயப்படும் பொறுப்பை நெவிலிடம் ஒப்படைத்துவிட்டு, அவள் நிம்மதியாக இருந்தாள். கல்யாணம் என்பது வேலையைப் பங்கிட்டுக் கொள்வதுதானே.

போன பிப்ரவரியில் அந்த நிம்மதிக்கு வேட்டு விழுந்தது. மேவிஸுக்கு நெஞ்சில் சளி கட்டி, மூச்சு விசிலடித்து, ஆம்புலன்ஸ் வந்து தூக்கிக்கொண்டு போனது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா நெவிலைத் தனியாகக் கூப்பிட்டார். படுக்கிற அறைக்குள் குளிர்காற்று புகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், இன்னொரு குளிர்காலம் இப்படியே போனால் அடுத்த தடவை வீட்டுக்கு அனுப்ப முடியுமா என்று தன்னால் சொல்ல இயலாது என்றார். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. தொழில் தெரிந்தவர் ஆகையால், அது எப்படிப்பட்ட வாசகம் என்பது நெவிலுக்கு உடனே புரிந்தது. அதைவிடச் சுருக்கமாக அவராலேயே எழுதியிருக்க முடியாது.

காற்று புகுந்த வழி எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஸ்கார்ஸ்பி கடற்கரையைப் பார்த்தபடி, தோளோடு தோள் உரசி நிற்கும் ஆல்மா வரிசை வீடுகளில் அவர்களுடையதும் ஒன்று. விக்டோரியா ராணி காலத்துக் கட்டடம், அதே காலத்து ஜன்னல்கள். மேலே ஒரு கண்ணாடிச் சட்டம், கீழே ஒன்று, ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். சட்டங்களின் பாரத்தைச் சுவருக்குள் கயிற்றில் தொங்கும் இரும்புக் குண்டுகள் தாங்கிக்கொள்ளும் என்பது ஐதீகம். முன்பக்கப் படுக்கையறை ஜன்னலில் ஒரு கயிறு அறுந்து பல வருஷம் ஆயிற்று; மற்றது யோசித்துக்கொண்டிருந்தது. திறந்தால் மேவிஸின் பூரிக்கட்டையை முட்டுக் கொடுத்துத்தான் நிறுத்த வேண்டும். பூரிக்கட்டை ஒருமுறை நழுவியபோது சட்டம் இறங்கிய வேகத்தைப் பார்த்த நெவில், அன்றைக்கே சிவப்பு மையில் ‘தலையை நீட்டாதீர்’ என்று எழுதி ஒட்டினார். அடிக்கட்டை உளுத்துப் போய், டீ ஸ்பூனைச் செருகினால் கேக்கில் இறங்குவது போல இறங்கும். கடல்காற்று அடிக்கும் நாளில், சாத்திய ஜன்னலுக்கு இந்தப் பக்கம் திரைச்சீலை மூச்சு விடுவது போல உப்பி உப்பித் தாழும். நெவில் அந்தத் திரையைப் பார்ப்பார். பிறகு மேவிஸின் நெஞ்சைப் பார்ப்பார். எது சீராக ஏறி இறங்குகிறது என்று அவருக்குச் சந்தேகமாக இருக்கும்.

கைக்கு எட்டிய வைத்தியமெல்லாம் செய்து பார்த்தாயிற்று. மண் அடைத்த துணிப்பாம்பை அடிக்கட்டையில் கிடத்தினார். கண்ணாடித் தாளை ஒட்டி, மேவிஸின் தலை உலர்த்தும் எந்திரத்தால் சூடுகாட்டி விறைக்க வைத்தார். முதல் காற்றிலேயே அது பாய்மரம் போல அறைக்குள் வந்து அவர் முகத்தில் அப்பிக்கொண்டது. பின்பக்க அறையில் சுவரெல்லாம் ஈரம். அங்கே படுத்தால் சளிக்குத் துணையாகக் காளானும் முளைக்கும் என்றாள் மேவிஸ். ஆக, புது ஜன்னல்தான் வழி. எந்த ஜன்னல் என்பதில்தான் சிக்கல்.

ஆல்மா வரிசை பழமை காக்கும் பகுதி. முன்பக்கம் இருந்தது இருந்தபடியே இருக்க வேண்டும். மரத்தை எடுத்தால் மரத்தைத்தான் வைக்கலாம்; பிளாஸ்டிக் கூடாது. ஆறாம் நம்பர் வீட்டு ட்ரெவர் பெல் என்பவர் இதை நம்பாமல் பிளாஸ்டிக் ஜன்னல் போட்டார். நகராட்சி அதைக் கழற்றச் சொன்னது. கழற்றியும் விட்டார். மர ஜன்னல் வந்து சேரவில்லை. ஒரு குளிர்காலம் முழுக்க அந்தக் குடும்பம் ஜன்னல் இருந்த இடத்தில் ஒட்டுப்பலகை அடித்து, பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு, கோட்டு மாட்டியபடி சாப்பிட்டது. வசந்தத்தில் வீட்டை விற்றுவிட்டுப் போனவர்கள் எங்கே போனார்கள் என்பது தெரியாது. இன்றைக்கும் அதற்குப் ‘பலகை வீடு’ என்றே பெயர். அதைத் தாண்டும்போது நெவிலின் நடை தானாக வேகம் பிடிக்கும். பலகைக்குப் பின்னால், இருட்டில், மேவிஸ் இருமுவது அவர் காதில் கேட்கும்.

நகராட்சி அதிகாரியை ஆல்மா வரிசையில் யாரும் கண்ணால் கண்டதில்லை. கடவுளைக் கண்டவர் உண்டா? பூசாரியைத்தான் தெரியும். பூசாரி, பக்கத்து வீட்டு மிஸஸ் லாங்ஸ்டாஃப். தெருச் சங்கத்தின் தலைவி. வசந்தத்தில் ஒரு தடவை, நவம்பரில் ஒரு தடவை, உறுப்பினர்கள் புடைசூழத் தெருவை வலம் வருவார். ஒவ்வொரு வீட்டு ஜன்னல் சட்டத்தையும் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்பார். நல்ல மரமென்றால் ‘அருமை’ என்பார். இல்லையென்றால், ‘அப்படியா, சுவாரசியமா இருக்கே’ என்பார். வேறு ஊரில் அது பாராட்டு. இங்கே அப்படிச் சொல்லப்பட்டவர்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் விருந்துக்கு யாரும் போவதில்லை. ட்ரெவர் பெல்லிடமும் அதைத்தான் சொன்னார். நகராட்சிக் கடிதம் அடுத்த வாரம் வந்தது.

முதலில் பிளாஸ்டிக் கம்பெனிக்காரன் கிரெய்க் வந்தான். அழைக்கவில்லை என்று சொல்ல நெவிலுக்குப் பயம். டீ வேண்டுமா என்று கேட்காமலிருக்கவும் பயம். ஆகவே கிரெய்க் சோபாவில் வேரூன்றிவிட்டான். பெட்டியைத் திறந்து ஜன்னலின் மூலை ஒன்றை மாதிரிக்கு எடுத்து நெவிலின் மடியில் வைத்தான். வெள்ளை வெளேரென்று இருந்தது. எடையே இல்லை.

“கொம்பு கூட இருக்கு பாருங்க சார்” என்றான். மேல் சட்டத்தின் இரு முனையிலும் காது மாதிரிக் கீழே தொங்குமே ஒரு சின்னச் செதுக்கல், அதற்கு இங்கே கொம்பு என்று பெயர். அந்தக் காலத்துத் தச்சன் மரத்தோடு மரமாகச் செதுக்கியது. “நாங்க பசை போட்டு ஒட்டிக் குடுத்துருவோம். ரோட்ல நின்னு பாத்தா ராணியம்மா எந்திரிச்சு வந்தாலும் வித்தியாசம் தெரியாது. துடைக்கணும்னா உள்பக்கமா சாச்சுக்கலாம். ரெண்டே வாரத்துல மாட்டிடலாம்.”

இரண்டே வாரம் என்றதும் நெவிலின் கை தன்னையறியாமல் பேனாவைத் தேடியது. மாடியிலிருந்து மேவிஸின் குரல் வந்தது.

“நெவில், இன்னொரு டீ குடுத்தீன்னா அந்தத் தம்பி நம்ம பேரைத் தன் பேருக்குப் பின்னால போட்டுக்குவான். அனுப்பி வை.”

கிரெய்க் போனான். மாதிரி மூலையின் கனமின்மை மட்டும் நெவிலின் மடியிலேயே தங்கிவிட்டது போலிருந்தது.

அடுத்தது மரம். ஊரில் இந்த ஜன்னல் செய்யும் தச்சர் ஒருவரே. இரட்டைக் கண்ணாடி வைத்து, பார்வைக்குப் பழசு போலவே செய்வார்; அதற்குத் தடையும் இல்லை. போனில் அவர் சொன்னது, இப்போது பேர் கொடுத்தால் அடுத்த வருஷம் ஏப்ரலில் வருவதாக. ஏப்ரல்! நெவில் போனை வைத்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பிளாஸ்டிக் என்றால் பலகை. மரம் என்றால் இன்னொரு பிப்ரவரி. இரண்டு பக்கமும் மேவிஸ் இருமினாள். யோசித்து யோசித்து செப்டம்பரும் வந்தது. திரை மறுபடி மூச்சுவிட ஆரம்பித்தது.

முதல் புயல் ஓய்ந்த காலையில் நெவில் குப்பைத்தொட்டியை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனார். மிஸஸ் லாங்ஸ்டாஃப் வீட்டு முன்னறை ஜன்னலுக்கு நேர் கீழே, நடைபாதையில் ஏதோ வெள்ளையாகக் கிடந்தது. பறவையின் எலும்போ என்று பயந்தார். குனிந்து எடுத்தார்.

கொம்பு.

கனமே இல்லை. திருப்பிப் பார்த்தார். உள்ளே வெற்றிடம். ஓரத்தில் காய்ந்த பசை. நிமிர்ந்து பார்த்தார். ஜன்னலின் இடது பக்கம் கொம்பு இருந்தது. வலது பக்கம் இல்லை.

வேறொருவராக இருந்தால் அந்தக் கணத்தில் சிரித்திருப்பார், அல்லது தெருவைக் கூட்டியிருப்பார். நெவிலோ யாராவது பார்க்கிறார்களா என்று தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். தெரியக்கூடாத ஒன்று தெரிந்துவிட்டது. அதைவிட மோசம், தெரிந்துவிட்டது என்று மிஸஸ் லாங்ஸ்டாஃபுக்குத் தெரிந்தால்? கொம்பை அங்கிப் பைக்குள் திணித்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடினார். குப்பைத்தொட்டி நடுத்தெருவில் நின்றது.

மேவிஸ் கொம்பைக் கையில் வாங்கி, கட்டில் முனையில் தட்டிப் பார்த்துச் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் விசிலாகி, நெவில் முதுகைத் தடவிக்கொடுக்க வேண்டியதாயிற்று.

“இத்தனை வருஷமா ஊர் ஜன்னலையெல்லாம் தட்டினாளே!” என்றாள், மூச்சு திரும்பியதும். “போய்க் குடுத்துட்டு வா. ‘உங்க கொம்பு விழுந்து கிடந்துச்சு’ன்னு சொல்லு. முகம் எப்படிப் போகுதுன்னு பாத்துட்டு வந்து சொல்லணும்.”

“குடுத்தா எனக்குத் தெரியும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிரும், கண்ணு.”

“அப்ப வச்சுக்கோ.”

“வச்சுக்கிட்டா அது திருட்டு.”

“கதவுத் தபால் துளையில போட்டுட்டு ஓடி வந்துரு.”

“போட்டது யாருன்னு அவங்க ஒவ்வொரு வீடா யோசிப்பாங்க. கடைசியில என்கிட்ட வந்து நிப்பாங்க.”

மேவிஸ் கண்ணை மூடிக்கொண்டாள். “அப்ப ஒட்டி விட்டுரு. விழவே இல்லைன்னு ஆயிரும்.”

அவள் கேலிக்குச் சொன்னாள். நெவிலுக்கோ அதுதான் உலகத்திலேயே ஆபத்து குறைந்த வழியாகப் பட்டது. பயந்தவன் எடுக்கும் முடிவுகளைத் துணிச்சல்காரன் கனவிலும் எடுக்கமாட்டான்.

வியாழக்கிழமை காலைகளில் மிஸஸ் லாங்ஸ்டாஃப் தலை அலங்காரத்துக்குப் போவது தெருவறிந்த செய்தி. அன்று நெவில் படிமேடை ஒன்றையும் பசைக் குழாயையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். குழாயின் முதுகில் பொடி எழுத்தில், ‘தோலில் படக்கூடாது. நொடியில் ஒட்டும்’ என்று இருந்தது. அவரே எழுதிய வாசகம்தான். தன் எழுத்தைத் தானே திரும்பப் படிக்கிற வழக்கம் அவருக்கு இல்லை, பயமாக இருக்கும்.

மேடைமேல் ஏறினார். பசையைப் பிதுக்கினார். கொம்பை அதன் இடத்தில் வைத்து அழுத்தினார். கச்சிதமாகப் பொருந்தியது. மனத்துக்குள் பத்து வரை எண்ணிவிட்டுக் கையை எடுத்தார். கை வரவில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கொம்போடு ஒன்றாகிவிட்டிருந்தன. இழுத்தார். ஜன்னல் முழுதும் முனகியது. கொம்பு மட்டும், இத்தனை வருஷம் காற்றில் ஆடிய ஏக்கமெல்லாம் தீர, அசையாமல் நின்றது.

அப்போது ஜன்னலின் கீழ்ப்பாதி உள்பக்கமாகச் சாய்ந்தது. ராணி காலத்து ஜன்னல் எதுவும் செய்யத் துணியாத காரியம் அது. திறப்பில் மிஸஸ் லாங்ஸ்டாஃபின் முகம் தெரிந்தது. தலை அலங்காரக்காரிக்கு அன்று காய்ச்சல் போலும். முடி கலைந்து கிடந்தது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கடல் சத்தம் கேட்டது.

“குட் மார்னிங் மிஸ்டர் சவர்பி” என்றார் அவர். “காத்து இன்னிக்குக் கொஞ்சம் பரவாயில்ல.”

“ஆமா. சாயங்காலம் தூறும்னாங்க.”

“செடிக்கு நல்லதுதான்.”

“செடிக்கு நல்லது.”

இதற்குமேல் வானிலையில் ஒன்றும் மிச்சமில்லை. அவர் பார்வை மெதுவாக நெவிலின் கையைத் தொடர்ந்து மேலே போய், விரல் முடிந்து கொம்பு தொடங்கும் இடத்தில் நின்றது. அந்த முகம் ஜன்னல் சட்டத்தைப் போல வெளுத்தது. நெவில் தன் பயத்தை மறந்து ஒரு கணம் வியந்தார். அந்த வெளுப்பு அவருக்குப் பழக்கமானது. தினமும் முகம் மழிக்கும்போது கண்ணாடியில் பார்ப்பது.

மிஸஸ் லாங்ஸ்டாஃப் உள்ளே போனார். போலீசுக்குப் போன் செய்கிறார் என்று நினைத்தார் நெவில். அவர் நகச்சாயம் அழிக்கும் திரவமும் பஞ்சும் ஒரு கோப்பை டீயும் கொண்டு வந்தார். டீயை நெவிலின் ஒட்டாத கையில் கொடுத்துவிட்டு, ஒட்டிய கையில் பஞ்சால் ஒற்றத் தொடங்கினார். வேலை நடந்துகொண்டிருக்கையில், விரல்களைப் பார்த்தபடியே பேசினார். ஒரு குளிர்காலத்தில் காற்று பழைய கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வந்ததாம். தச்சர் கிடைக்கவில்லை. அவசரத்துக்கு வெளியூர்க்காரர்களை வைத்து, தெரு கடற்கரைத் திருவிழாவுக்குப் போயிருந்த நாளில் மாட்டிவிட்டாராம். அதன் பிறகு ஒரு நாள்கூடத் தூங்கவில்லை.

“அப்புறம்தான் சங்கம் ஆரம்பிச்சேன்” என்றார். “தட்டுறவ ஜன்னலை யாரும் திருப்பித் தட்ட மாட்டாங்க இல்லையா.”

நெவில் டீயை உறிஞ்சினார். சூடாக இருந்தது.

“யார் யார்கிட்ட சொல்லப் போறீங்க?”

யாரிடமும் இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். மாதக்கணக்கில் தொண்டையில் நின்றது முந்திக்கொண்டது.

“மேவிஸுக்கு இன்னொரு குளிர்காலம் தாங்காது.”

பஞ்சு நின்றது. மிஸஸ் லாங்ஸ்டாஃப் முதல்முறையாக அவர் கண்ணை நேராகப் பார்த்தார். இவ்வளவு சாதுவான மனிதருக்குள் இப்படி ஒரு மிரட்டல்காரன் ஒளிந்திருந்தானா என்ற மரியாதை அதில் இருந்தது. தான் மிரட்டிவிட்டோம் என்பது நெவிலுக்கு இரண்டு வாய் டீக்குப் பிறகுதான் உறைத்தது. மேடையிலிருந்து விழாமல் அவரைக் காப்பாற்றியது பசை ஒன்றே.

“தச்சர் அக்டோபர்ல எனக்கு வர்றதா இருக்கு” என்றார் அவர் மெல்ல. “பராமரிப்பு வேலைன்னு சொல்லி வச்சிருக்கேன். இதையெல்லாம் கழட்டிட்டு நிஜ மரம் போட்டுடலாம்னு. ஒரு வருஷமா வரிசையில நின்னு வாங்கின முறை.” பஞ்சை மறுபடி நனைத்தார். “அதை நீங்க எடுத்துக்குங்க.”

“ஐயோ, அப்ப உங்களுக்கு?”

“பயத்தோட இருந்து எனக்குப் பழகிப்போச்சு மிஸ்டர் சவர்பி. உங்க வீட்ல அவங்க குளிரோட இருந்து பழகிக்க முடியாது.”

விரல்கள் விடுபட்டன. தோல் கொஞ்சம் கொம்பிலேயே தங்கிவிட்டது. “உன் கைரேகை அதுல இருக்கு, போலீஸ் நாயைக் கூட்டிட்டு வரப்போறாங்க” என்று மேவிஸ் ஒரு வாரம் அவரைத் தூங்கவிடவில்லை.

அக்டோபரில் தச்சர் வந்தார். முன்னறையிலும் படுக்கையறையிலும் அழுகிய அடிக்கட்டையைப் பெயர்த்து, புதுச் சட்டம், புதுக் கயிறு, இரட்டைக் கண்ணாடி எல்லாம் வைத்தார். கொம்பு மரத்தோடு மரமாகச் செதுக்கியது. நெவில் இழுத்துப் பார்த்து உறுதி செய்துகொண்டார். சட்டத்தை ஒற்றை விரலால் தூக்கலாம். தூக்கிய இடத்தில் நிற்கும். பூரிக்கட்டை மாவிடம் திரும்பியது. சிவப்பு மைச் சீட்டை மட்டும் நெவில் புதுச் சட்டத்தில் மறுபடி ஒட்டினார். எதற்கும் இருக்கட்டும்.

நவம்பரில் வலம் வந்தது. கோட்டும் கம்பளித் தொப்பியுமாக ஒரு கூட்டம் மிஸஸ் லாங்ஸ்டாஃபின் பின்னால் நகர்ந்தது. பலகை வீட்டைப் புதிதாக வாங்கியிருந்த ஜெம்மா என்ற பெண்ணும் முதல்முறையாக வந்திருந்தாள். நெவில் வீட்டு முன்னறைச் சட்டத்தை மிஸஸ் லாங்ஸ்டாஃப் இரண்டு தட்டுத் தட்டினார். டொக், டொக்.

“அருமை” என்றார். குரல் ஒரு நூலிழை பிசிறியது. நெவிலுக்கு மட்டும் கேட்டது.

அடுத்த வீடு மிஸஸ் லாங்ஸ்டாஃபுடையது. வழக்கப்படி கூட்டம் அதைப் பார்க்காமலே தாண்டப் போனது. ஜெம்மாவுக்கு வழக்கம் தெரியாது.

“இதைத் தட்டலையே? நல்ல மரம் எப்படிக் கேக்கும்னு உங்களோடதுல தெரிஞ்சுக்கலாமே.”

கூட்டம் நின்றது. இப்படி ஒரு கேள்வியை இந்தத் தெரு கேட்டதில்லை. மிஸஸ் லாங்ஸ்டாஃபின் கையுறைக்குள் விரல்கள் மடங்கின. இந்தத் தெரு இனி எங்கே திரும்பும், எந்த வீட்டில் பலகை ஏறும் என்று நெவிலுக்குத் தெரிந்துவிட்டது. அவர் கால்கள் அவரைக் கேட்காமலே முன்னால் போயின.

“நானே தட்டிக் காட்டறேன்” என்றது அவர் வாய்.

திட்டம் ஏதும் கிடையாது. விரல் முட்டியை உயர்த்தினார். ஐஸ்கிரீம் டப்பாவைத் தட்டின மாதிரி ஒரு சத்தம் வரும்; வந்தால் முடிந்தது. தலைக்குமேல் பக்கவாட்டில் அவர் வீட்டு மாடி ஜன்னல் சத்தமின்றி ஏறியது. மேவிஸ் தலையை நீட்டினாள். சட்டத்துக்கு அடியில் தலை! கம்பளிகூடப் போடவில்லை! நெவிலுக்கு இரண்டு பயங்கள் ஒரே நேரத்தில் வந்தன. மூன்றாவதாக அவள் இருமினாள். பிப்ரவரியின் அடிவயிற்றிலிருந்து எழுந்து வந்த இருமல். தெருவே அண்ணாந்து பார்த்தது. கடற்காகம் ஒன்று கூரையிலிருந்து எழும்பிப் பறந்தது.

நெவில் தட்டினார். யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை.

“அருமை” என்றார் அவர், மிஸஸ் லாங்ஸ்டாஃபைப் போலவே தலையைச் சாய்த்து.

ஜெம்மா தலையாட்டினாள். கூட்டம் நகர்ந்தது. மிஸஸ் லாங்ஸ்டாஃப் அவரைக் கடந்து போகையில், செடிக்கு இந்த ஈரம் நல்லது என்று மட்டும் சொன்னார்.

அந்த இருமல் தொண்டைக்குக் கீழிருந்து வந்ததல்ல என்பது நெவிலுக்குத் தெரியும். உண்மையானதை அவ்வளவு கேட்டிருக்கிறார். இருந்தாலும் படிகளை இரண்டிரண்டாகத் தாவி மாடிக்கு ஓடினார்.

“எப்படி இருந்துச்சு?” என்றாள் மேவிஸ், கட்டிலில் சாய்ந்துகொண்டு.

“கொஞ்சம் அதிகம்.”

“கடற்காகம் பயந்துச்சே, பாத்தியா?”

அவர் ஜன்னலை ஒற்றை விரலால் இறக்கித் தாழிட்டார். அடிக்கட்டையின் ஓரமாக உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். வெளியே காற்று கடலைக் கிளறிக்கொண்டிருந்தது. மேவிஸின் மூச்சு மெதுவாக ஏறி இறங்கியது. திரை அசையவில்லை. அவர் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார், அசைந்துவிடுமோ என்று.